பருப்பு வேகாத கிணறு

நீங்கள் லேபிலிருந்து தண்ணீர் சாம்பிள் எடுக்கக் கொண்டுபோகும் படிவத்தின் கடைசி வரியில் "இந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், தப்பில்லை. யாரோ பழங்காலத்து ஆள் போட்டுவிட்டுப் போனது, அடுத்த முறை அச்சடிக்கும்போது எடுத்துவிடலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். அந்தப் பழங்காலத்து ஆள் நான்தான். எடுப்பதற்கு முன்னால் அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டுவிடுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம்.

முதலில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்குப் பொருத்தமானவள் என்று யாரும் சொன்னதில்லை. எனக்குப் பகலிலேயே கனவு வரும். அப்போது எங்கள் லேப் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள். என் மேஜைக்கு எதிரே ஜன்னல், ஜன்னல் நிறைய மலை. காலை வெயில் படிகளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே டெஸ்ட் டியூபைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவேன். "மேடம் மேல ஏறிட்டாங்க, இறங்கி வர பத்து நிமிஷம் ஆவும்" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். எனக்குக் கோபம் வராது. உண்மைக்கு ஏன் கோபப்பட வேண்டும்?

என் அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். சாமிக்குப் படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கக் கூடாது என்பதால் எங்கள் வீட்டிலும் சமைக்கும்போது யாரும் கரண்டியை வாயில் வைத்ததில்லை. உப்பு சரியா, புளி போதுமா என்பதை வாசனையை வைத்தும், கொதிக்கிற சத்தத்தை வைத்தும், நிறத்தை வைத்தும்தான் அப்பா தெரிந்துகொள்வார். அதனால் லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று முதல் நாள் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டுச் சட்டத்தையே எனக்குத் திரும்பச் சொல்கிறார்களே என்று நினைத்தேன்.

தொண்ணூறுகள் முழுவதும் நாங்கள் செய்தவை பழைய சோதனைகள். உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, அவ்வளவுதான். பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருப்போம். ஜனங்கள் அந்தப் பத்து நாளும் அதே தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, சோதனை முறையில் பயன்படுத்திப் பாருங்கள் என்று பழுப்புநிறப் புட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே தங்கம். தங்கம் மஞ்சள் என்றுதானே நமக்குத் தெரியும்? கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்துபோகிறது. நான் அதை டியூபில் ஊற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். வெயில் அதில் புகுந்து என் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தது. அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

சூட்சுமம் எளியது. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்கள் படிக்கு ஒருவராக நின்றால் ஒரு மாதிரி தெரியும், நடுவில் ஏதோ நடந்து எல்லோரும் ஒரே இடத்தில் முண்டியடித்தால் வேறு மாதிரி தெரியும். பொன் துகள்களும் அப்படித்தான். தனித்தனியாக நிற்கும்வரை சிவப்பு, ஒன்றோடொன்று ஒட்டிக் கும்பலானால் ஊதா, பிறகு நீலம். சில பூச்சிமருந்துகள் அவற்றைக் கும்பலாக்கும். அதனால் சந்தேகமான தண்ணீரில் இந்தச் சிவப்பைக் கலந்து வைத்துவிட்டு நிறத்தைப் பார்த்தால் போதும், பத்து நாள் காத்திருக்க வேண்டாம். "ஆனா பொறுமையா பாக்கணும். சில மருந்துக்கு நாலஞ்சு மணி நேரம் ஆகும், ஒரு ராத்திரி வெச்சிருந்தா இன்னும் நல்லது. அப்புறம், உப்புக்கும் இது நீலமாகும்" என்றார் பேராசிரியர். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் மணிக்கட்டிலிருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

உப்பு விஷயத்தைப் பொன்னே எனக்கு ஒருமுறை சொல்லிக்கொடுத்தது. ஒரு கிருத்திகையன்று மலைக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வந்தேன். விரலில் விபூதி. கையைக் கழுவாமல் ஒரு டியூபின் வாயைத் தொட்டிருக்கிறேன் போலிருக்கிறது. காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் கலந்த டியூப், ஐந்து நிமிடத்தில் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. வடித்த தண்ணீரில் பூச்சிமருந்தா என்று லேபே அல்லோலகல்லோலப்பட்டது. சாயங்காலம்தான் எங்கள் மேலதிகாரி என் கையைப் பார்த்தார். அவர் அரக்கோணத்துக்காரர், தினமும் எலெக்ட்ரிக் டிரெயினில் வந்துபோகிறவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "சாம்பல்ல உப்பு இருக்குதும்மா. சாமி கும்பிடு, வேணாங்கல. கைய கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது கையைக் கழுவ வேண்டும் என்பதை. கற்றிருக்க வேண்டியது அது மட்டும் இல்லை.

அடுத்து வந்த மாசி மாதத்தில், ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து ஒரு போன் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். நாற்பது வீடு, பாதி வீட்டில் தறி, மீதிப்பேர் கூலி வேலை. மூன்று ஆண்களுக்கு வாந்தி, தலைசுற்றல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பூச்சிமருந்தாக இருக்கும் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். ஊரே ஒரு கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. உடனே வாருங்கள் என்றார்கள்.

பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது கிணற்றைச் சுற்றிக் கூட்டம். கிணறு கோவிந்தம்மாவுடையது. ஐம்பது வயது, புருஷன் இல்லை, ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் கேழ்வரகும் போட்டுத் தானே பார்த்துக்கொள்கிறவள். ஊர் அடிபம்பு வற்றிப்போனதிலிருந்து தன் கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தாள். அந்த வாரம் கத்தரிக்கு மருந்து அடித்திருக்கிறாள். ஊருக்கு அது போதுமாக இருந்தது.

சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் முனிரத்தினம். தறிக்காரர், ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கிற ஆள். ஆஸ்பத்திரியில் கிடந்த மூவரில் ஒருவன் அவருடைய தம்பி. "மருந்து அடிச்ச மிஷின இவ கெணத்து மேட்டுல தான் கழுவியிருப்பா. கேட்டா இல்லேன்றா. எந்தம்பி சாவக் கெடக்கறான்!" என்று கத்தினார்.

கோவிந்தம்மா பதிலுக்குக் கத்தவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "மருந்து அடிச்சது நெசம்மா. ஆனா மிஷின ஓடக் கரையில கழுவினு தான் வூட்டுக்கே வருவேன். எங்க கெணறு உப்புத் தண்ணி. பருப்பு வேவாது, சோப்பு நொர வராது. அத தவிர அதுல ஒரு கொறையும் இல்ல. எங்க நைனா வெட்னது, இத்தினி வருசமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. எழுதிக்கோம்மா."

"ஆங், சரிம்மா" என்றேன். எழுதிக்கொள்ளவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை. தவிர, அப்போது கிணற்றுக்குள் வெயில் இறங்கியிருந்தது. தண்ணீர் அசைய அசைய சுற்றுச்சுவரில் வெளிச்சம் வலைபின்னிக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்பு வேகாது என்று ஒருத்தி சொல்கிறாள், சமையற்காரர் மகள் ஒருத்தி அதைக் காதில் வாங்காமல் வேடிக்கை பார்க்கிறாள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

கிணற்றை மூடினால் எதைக் குடிப்பது என்று பேச்சு வந்தது. மாந்தோப்பை ஒட்டி ஒரு குட்டை இருக்கிறது, அதில் தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் தூரம் என்றார்கள். அதிலும் ஒரு புட்டி எடுத்துக்கொண்டேன்.

லேபுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. மேலதிகாரியின் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து. எல்லோருக்கும் ஒரே கேள்வி: கிணறா, இல்லையா? நான் மூன்று டியூபில் பொன்னை ஊற்றினேன். ஒன்றில் வடித்த தண்ணீர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஒன்றில் குட்டைத் தண்ணீர். ஒன்றில் கோவிந்தம்மாவின் கிணறு.

கிணற்றுத் தண்ணீர் பட்டதும் பொன் பயந்துபோனது. கண்முன்னாலேயே சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகி, அந்தி மறைந்த பிறகு மலைக்குப் பின்னால் தெரிகிற வானம் மாதிரி ஆயிற்று. அவ்வளவு அழகான நீலத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மற்ற இரண்டும் சிவப்பாகவே நின்றன. பத்து நிமிடம் பொறுத்தேன். குட்டைத் தண்ணீர் அசையவில்லை.

"சார், கிணறு நீலம். குட்டை சிவப்பு."

"நிச்சயமாம்மா?" என்றார் அவர், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு.

"நீங்களே பாருங்க சார்."

பார்த்தார். கிணறு கூடாது, குட்டைத் தண்ணீரைக் குடிக்கலாம் என்ற ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். குட்டைச் சாம்பிளில் மீதி முழுவதையும், கிணற்றுச் சாம்பிளில் கொஞ்சம் போக மீதியையும் சென்னைக்கு அனுப்பினோம், வழக்கப்படி. சாயங்காலத்துக்குள் கோவிந்தம்மாவின் கிணற்றின்மேல் வேலிமுள்ளை வெட்டிப்போட்டு மூடிவிட்டார்கள். நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். பத்து நாள் ஆகிற வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம், பேராசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் ஓடியது.

பார்த்து முடித்த டியூபை உடனே கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும் என்பது லேபின் விதி. நான் கழுவவில்லை. அந்த மூன்றையும் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுப் போனேன். நிறத்தை விட்டுப்போக மனசு வரவில்லை, வேறு காரணம் எதுவும் கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிறு. பகல் பன்னிரண்டு இருக்கும். அப்பா ரிடையர் ஆகியும் வீட்டில் சமையல் அவர் கைதான். அடுப்படியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"இன்னைக்கு என்ன தண்ணி பிடிச்சு வெச்சே? ஒரு மணி நேரமா கொதிக்குது, பருப்பு அப்படியே கல்லாட்டம் நிக்குது."

"லாரித் தண்ணிப்பா. குழாய் வரல."

"உப்பு. நுரையப் பாத்தாலே தெரியலியா?"

நான் ஊஞ்சலில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்குள் அந்த நீலம்தான் இன்னும் இருந்தது. அப்பாவின் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. அதன்மேல் இன்னொரு குரல் வந்து உட்கார்ந்தது. எங்க கெணறு உப்புத் தண்ணி. பருப்பு வேவாது. எழுதிக்கோம்மா.

எழுந்து உட்கார்ந்தேன். உப்புக்கும் இது நீலமாகும் என்று பேராசிரியர் சொன்னார். விபூதி விரலைக் காட்டி மேலதிகாரி சொன்னார். கிணற்றுக்குச் சொந்தக்காரியே சொன்னாள். மூன்று பேர் சொல்லியும் எனக்கு ஏறவில்லை.

சாவி என்னிடம்தான் இருந்தது. செருப்புக்கூட சரியாகப் போடாமல் லேபுக்கு ஓடினேன். கதவைத் திறந்து ஜன்னலைப் பார்த்தேன். கோவிந்தம்மாவின் டியூபில் நீலம் அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது. வடித்த தண்ணீர் நேற்றுப் போலவே சிவப்பு. நடுவிலிருந்த குட்டைத் தண்ணீர் நீலமாகியிருந்தது.

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சந்தேகமே இல்லை. ஒரு ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல, யாரும் பார்க்காதபோது, அது நிறம் மாறியிருந்தது. பேராசிரியர் சொன்ன பொறுமையை நான் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன். உப்பால் உடனே கூச்சல் போட்ட கிணற்றைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்த குட்டையை நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று சாயங்காலத்திலிருந்து நாற்பது வீடும் என் பேச்சை நம்பி அந்தக் குட்டைத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய முறையில் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்த்தேன். நான் அதுவரை அளந்ததிலேயே அதிகம். பிறகு அரக்கோணத்துக்குப் போன் செய்தேன்.

"சார், நான் தப்பு பண்ணிட்டேன்." எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வீட்டுக்குப் பின்னால் ஏதோ கூட்ஸ் வண்டி போகிற சத்தம் கேட்டது. அவருக்கு ரிடையர் ஆக இரண்டு மாதம் பாக்கி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

"நாளைக்கு ஆபீஸ் வந்து மறுபடி சாம்பிள் எடுத்து, மறுசோதனைன்னு ஒரு ரிப்போர்ட் போட்டுக்கலாமா?"

"இன்னைக்கு சாயங்காலம் அடுப்பு பத்த வைப்பாங்களே சார்."

"போய் இன்னா சொல்லுவே?"

"கிணத்தப் பத்தி சொன்னதும் தப்பு, குட்டையப் பத்தி சொன்னதும் தப்புன்னு சொல்லுவேன். குட்டைய தொடவே வேணாம். கிணத்துல உப்பு இருக்கறது தெரியும், மருந்து இருக்கா இல்லியான்னு சென்னைலேருந்து வர்ற வரைக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு நாலு பேர் முன்னால நின்னு சொல்லுவியா? என் சர்வீஸ்ல ஒரு தடவ கூட நான் சொன்னதில்லம்மா."

"சொல்லுவேன் சார்."

"அப்ப போ. கையெழுத்து என்னுதுன்னு சேத்து சொல்லு. ஒன் தலையில மட்டும் தூக்கி வெச்சிக்காத. நான் தண்ணி லாரிக்கு ஏற்பாடு பண்றேன்."

அவரை நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். பயந்த சுபாவம். அன்றும் பயந்துகொண்டுதான் பேசினார். பயந்துகொண்டே சரியானதைச் செய்த மனிதர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புட்டியில் மிச்சமிருந்த பொன்னையும், நாலு காலி டியூபையும், அந்த மூன்று டியூபையும் ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மாந்தோப்புகள் வழிநெடுகப் பூத்திருந்தன. ஜன்னல் வழியாக அந்தப் பூவின் மணம் வந்தது, தூக்கம் வருகிற மாதிரி ஒரு மணம். எந்த நாளாக இருந்தாலும் அதில் மிதந்திருப்பேன். அன்று அந்த மணத்துக்கு நடுவில் வேறொன்று லேசாக மூக்கைக் குத்தியது. பூ உதிராமலிருக்க இந்த மாதத்தில் மாமரத்துக்கு மருந்து அடிப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குட்டை மாந்தோப்பை ஒட்டி இருக்கிறது.

ஊருக்குள் நுழைந்தபோது பெண்கள் விளக்குமாறும் முறமுமாக வாசலில் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு குடத்தில் குட்டைத் தண்ணீர். "அந்தத் தண்ணிய கொட்டிடுங்க" என்றேன். யாரும் அசையவில்லை. தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முனிரத்தினம் வந்தார். கோவிந்தம்மா தன் வீட்டுச் சுவரோரம் தனியாக நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் கிட்டே வரவில்லை.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நேத்து கெணத்துல வெஷம்னு நீதாம்மா எழுதிக் குட்த்தே" என்றார் முனிரத்தினம். "இன்னிக்கி குட்டையில வெஷம்ன்றே. கெணத்துல இருக்குதா இல்லியான்னு கேட்டா தெரியாதுன்றே. தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசா? நாளைக்கி வந்து இன்னா சொல்லப் போறே?"

அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூட தப்பில்லை. கோவிந்தம்மாவிடம் போய், "ஒரு பிடி உப்பு தரீங்களாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் மண்சட்டியோடு கொண்டுவந்து தந்தாள். ஒரு டியூபில் பொன்னை ஊற்றி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயரப் பிடித்தேன். மேற்கு வெயில் அதில் புகுந்தது. சின்னதாக ஒரு "அட" கேட்டது. அதில் உப்பைப் போட்டுக் குலுக்கினேன். எல்லோர் கண்ணுக்கும் எதிரிலேயே நீலமாயிற்று.

"நேத்து கிணத்துத் தண்ணியில இப்படித்தான் ஆச்சு. இதுல விஷம் இல்ல, உப்புதான். எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் பாக்கத் தெரியல. கோவிந்தம்மா உப்புத் தண்ணின்னு சொன்னாங்க, நான் காதுல வாங்கல. ரிப்போர்ட்ல என் பேச்சும் எங்க அதிகாரி கையெழுத்தும் இருக்கு. தப்பு எங்களுது, அவங்களுது இல்ல."

அடுத்து குட்டைத் தண்ணீர் டியூபைக் காட்டினேன். முனிரத்தினம் விடவில்லை. "அப்போ அதுவும் உப்பு தானே? அத்த ஏம்மா கொட்டச் சொல்றே?"

சுவரோரத்திலிருந்து கோவிந்தம்மாவின் குரல் வந்தது.

"குட்டத் தண்ணியில நேத்து பருப்பு வெந்துச்சா இல்லியா? அத்த கேளுங்க மொதல்ல."

கூட்டத்தில் ஒரு பெண், "மெத்துனு வெந்துதுக்கா. ரெண்டே கொதி" என்றாள். சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

உப்பு இருந்தால் பருப்பு வேகாது. பருப்பு வெந்தது. அப்படியென்றால் பொன்னை நீலமாக்கியது உப்பு இல்லை. அந்த ஊரில் யாருக்கும் நான் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அது என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது.

முனிரத்தினம் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில், "தம்பி போன வாரம் மாந்தோப்புக்குத் தான் கூலிக்குப் போய்கினு இருந்தான். மூணு பேரும் அங்க தான்" என்றார். "மத்தியான சோத்துக்கு எங்க தண்ணி மொண்டாங்களோ, நான் கேக்கவே இல்ல." நானும் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசலில் இருந்த குடத்தை எடுத்துத் தெருவில் கவிழ்த்தார். பிறகு வீட்டுக்கு வீடு தண்ணீர் ஓடியது. மண் அதைக் குடிக்கிற சத்தம் கேட்டது.

இருட்டுவதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. பத்து நாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று பேரும் தேறி வீடு வந்தார்கள். குட்டைத் தண்ணீர் ஒரு நாள் ஒரு ராத்திரி குடித்ததில் சிலருக்குத் தலைவலியோடு போயிற்று. அது என் புண்ணியத்தால் இல்லை. ஜன்னலில் அந்த டியூபைக் கழுவி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் சில மத்தியானங்களில் நினைத்துப் பார்க்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், பார்த்து முடித்துவிட்டோம் என்று தோன்றுகிற டியூபைக் கழுவ அவசரப்படாதீர்கள். உங்களிடம் இப்போது நல்ல மெஷின்கள் இருக்கின்றன, உப்பைப் பிரித்துப் பார்க்கிற வழியெல்லாம் வந்துவிட்டது. மெஷின் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். அந்த மூன்று பேரும் மத்தியானம் எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்பதை அது கேட்காது.

பதினோராம் நாள் சென்னைக் கடிதம் வந்தது. குட்டையில் மாமரத்துக்கு அடிக்கிற மருந்து. கிணற்றில் உப்புகள் மட்டும், வேறு எதுவும் இல்லை. கடிதத்தையும் அந்தச் சாம்பிள் படிவத்தையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். இந்த முறை மேலதிகாரியும் கூட வந்தார், வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு.

கிணற்று மேட்டில் நின்று கடிதத்தைப் படித்தேன். முனிரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் வெட்டிப்போட்ட முள்ளைத் தானே இழுத்து அப்புறப்படுத்தினார். கையில் கீறி ரத்தம் வந்தது. "வுட்டுடு முனிரத்தினம், நான் எடுத்துக்கறேன்" என்றாள் கோவிந்தம்மா. அவர் விடவில்லை. கடைசி முள்ளையும் எடுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கோவிந்தம்மா வாளியை இறக்கினாள். பதினோரு நாள் அசையாமல் கிடந்த தண்ணீரில் வாளி விழுந்ததும், சுவரெல்லாம் வெளிச்சம் ஓடியது. முதல் வாளியை முனிரத்தினத்தின் கையில் ஊற்றினாள். அவர் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு, மிச்சத்தைக் குடித்தார்.

நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அன்னிக்கி நான் சொன்னத எழுதிக்கினியா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"படிவத்துல அதுக்கு இடம் இல்லம்மா."

மேலதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். கோவிந்தம்மா என் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது அவளுக்கு. ஆனாலும் அடியில் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் ஈர விரலை வைத்தாள்.

"இத்தினி எடம் கெடக்குதே" என்றாள். "இப்ப எழுதிக்கோ."